பதினோரு பூச்சு

அந்தத் துணைமின் நிலையத்தில் போய் ஆபரேட்டரம்மாவைப் பற்றிக் கேட்டால், "அடம் பிடிச்ச பொம்பளை" என்று சொல்ல இன்றைக்கும் ஆள் இருக்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். அடம் பிடித்தாள்தான். எதற்கு அடம் பிடித்தாள் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது, மீதிப் பேர் சொல்ல மாட்டார்கள். எனக்கு அப்படி மூடி வைக்கிற பழக்கம் இல்லை. அதனால் நான் சொல்கிறேன்.

அவளுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. இருபத்தெட்டு வருஷமாக அதே வேலை. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து எந்தப் பக்கத்துக்கு மின்சாரம் போகிறது, எந்தப் பக்கத்தில் நின்றுவிட்டது என்று பார்ப்பதும், விடுவதும், நிறுத்துவதும்தான் வேலை. அந்த வேலைக்கு அவள் வந்த கதையே தனிக் கதை. நேர்முகத் தேர்வில் கேள்வி பதில் எல்லாம் முடிந்தபின் ஆட்களை வெளியே யார்டுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே வரிசையாகப் பிரேக்கர்கள் நின்றன. பிரேக்கர் என்றால் வேறொன்றுமில்லை, நம் வீட்டு ஸ்விட்சுக்குப் பெரியப்பா. ஒரு வட்டாரத்துக்கே மின்சாரத்தை விடும், நிறுத்தும். அதன் வயிற்றுக்குள் ஒரு முரட்டு ஸ்பிரிங் இருக்கிறது. அது முறுக்கேறி இருந்தால்தான் மின்சாரத்தை விட முடியும். சாதாரண நாளில் ஒரு சின்ன மோட்டார் அதை முறுக்கிவிடும். மோட்டாருக்கே மின்சாரம் இல்லாத நாளில், ஓர் இரும்புக் கைப்பிடியைப் பிரேக்கரின் சதுரத் துளையில் செருகி, ஆள் நின்று சுற்ற வேண்டும். முப்பத்தைந்து சுற்று.

தேர்வு நடத்திய அதிகாரி அவளைப் பார்த்துச் சிரித்தாராம். "இதெல்லாம் பொம்பளைங்களுக்கு ஒத்து வராதும்மா. டைப் அடிக்கற வேலை எதுனா காலியானா சொல்லி அனுப்பறேன்."

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கைப்பிடியை மாட்டி, முப்பத்தைந்து சுற்றும் சுற்றினாள். ஸ்பிரிங் 'டக்' என்று பூட்டிக்கொண்டது. மூச்சு வாங்க நின்று, "போதுமா சார், இன்னும் சுத்தணுமா?" என்று கேட்டாள். வந்திருந்த ஆண்களில் மூன்று பேர் இருபதாவது சுற்றிலேயே கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தவர்கள். வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. அன்றைக்கு உள்ளங்கையில் வந்த கொப்புளத்தைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பிறகு கணினி வந்தது. கணினி மேல் அவளுக்குக் கோபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொளுத்துகிற வெயிலில் யார்டுக்கும் அறைக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவளுக்குத்தான் மவுஸின் அருமை தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு தட்டுத் தட்டினால் அங்கே பிரேக்கர் விழுந்து மின்சாரம் நிற்கிறது, இன்னொரு தட்டுத் தட்டினால் எழுகிறது. அவள்தான் அந்த நிலையத்தில் முதலில் கற்றுக்கொண்டவள். மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்தால் அவளைத்தான் கேட்பார்கள்.

கணினி வந்து சில வருஷத்துக்கெல்லாம், எங்கோ ஒரு தூரத்து நாட்டில் கணினிக் கோளாறால் ஒரு பெருநகரமே இரண்டு நாள் இருளில் கிடந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. நம் அரசாங்கம் திடுக்கிட்டு எழுந்தது. கமிட்டி போட்டார்கள். கமிட்டி ஒரு தலையணை அளவுக்குப் புத்தகம் எழுதியது. அதிலிருந்து பிறந்ததுதான் கணினிச் செயலிழப்புத் தயார்நிலைத் திட்டம். கணினி படுத்துவிட்டால் ஒவ்வொரு மின்நிலையமும் கையாலேயே வேலையைத் தொடர வேண்டும், அதற்கு எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்பது உத்தரவு. நல்ல உத்தரவுதான், நான் குறை சொல்ல மாட்டேன். யார் எழுதினாரோ அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

ஆனால் நம் ஆட்கள் அதை நிறைவேற்றிய விதத்தைக் கேளுங்கள். அதுவரை அந்தக் கைப்பிடி கட்டுப்பாட்டு அறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வேண்டுமானபோது எடுப்பார்கள், மாட்டுவார்கள், திரும்பத் தொங்கவிடுவார்கள். திட்டம் வந்ததும், இவ்வளவு முக்கியமான கருவியை ஆணியிலா தொங்கவிடுவது என்று அதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து சுவரில் பதித்தார்கள். கைப்பிடிக்குப் பளபளவென்று சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். "அவசரத்திற்கு மட்டும்" என்று பலகை. பெட்டிக்குப் பூட்டு. பூட்டுக்குச் சாவி, பாதுகாப்பு கருதி, எட்டு மைலுக்கு அப்பால் கோட்ட அலுவலகத்தில். அவசரத்தில் கண்ணாடியை உடைக்கப் பக்கத்திலேயே ஒரு குட்டிச் சுத்தியல். அதற்கும் சிவப்புப் பெயிண்ட்.

வருஷத்துக்கு ஒருமுறை தலைநகரத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வரும். அதற்கு முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அறுபத்து நான்கு கேள்வி. நாற்பத்து ஒன்றாவது கேள்வி: 'கையால் இயக்கும் கருவி உள்ளதா? பயன்படுத்தும் நிலையில் உள்ளதா?' எல்லாரும் 'ஆம்' என்று அழுத்துவார்கள். கோட்டத்தில் மொத்தம் நாற்பத்து மூன்று நிலையம். பத்து வருஷமாக நாற்பத்து மூன்றும் 'ஆம்'. அதற்கு வருஷா வருஷம் ஒரு சான்றிதழ் வரும். கோட்டத்தின் பெரிய என்ஜினியர் அதைச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டி வைப்பார். ஆபரேட்டரம்மாவும் பத்து வருஷமும் 'ஆம்' தான் அழுத்தினாள். அதை அவள் மறைத்ததே இல்லை. "நானும்தான் கண்ணை மூடிட்டு அமுக்கினேன். என்னையும் சேத்துத் திட்டுங்க" என்பாள்.

அவள் கண்ணைத் திறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு. திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது. எல்லாப் பக்கமும் மின்சாரம் ஒழுங்காகப் போகிறது என்று அர்த்தம். அப்போது ஆஸ்பத்திரியின் எலெக்ட்ரீசியன் போன் செய்தார்.

"என்னக்கா, கரண்ட்டை எடுத்துட்டீங்க? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

"எடுக்கலையேண்ணே. இங்க பச்சைதான் காட்டுது."

"பச்சையோ மஞ்சளோ, இங்க ஜெனரேட்டர்ல ஓடிட்டு இருக்கு. ஆபரேஷன் நடக்குதுக்கா."

அவள் மவுஸை ஆட்டினாள். அம்புக்குறி அசையவில்லை. திரை எப்போதோ உறைந்துபோய், பழைய பச்சையையே காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. யார்டுக்கு ஓடினாள். ஆஸ்பத்திரிப் பக்கத்துப் பிரேக்கர் விழுந்து கிடந்தது. நிலையத்தின் பேட்டரியில் சார்ஜ் இருந்ததால், பிரேக்கரின் பெட்டியைத் திறந்து அங்கேயே இருந்த பொத்தானை அழுத்தி மின்சாரத்தை விட்டாள். திரை உயிர் பெற நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிஷமும் அவள் யார்டில்தான் நின்றாள், ஒவ்வொரு பிரேக்கராகக் கண்ணால் பார்த்துக்கொண்டு.

அன்றைக்குப் பேட்டரி காப்பாற்றியது. பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? ஆறு மணி, மிஞ்சினால் எட்டு. அதுவும் போனால்? கைப்பிடி. அவள் அறைக்கு வந்து கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். கடைசியாக அதைக் கையில் தொட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தாள். பதினொன்று.

சாவி கேட்டு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். பதில் இல்லை. இன்னொரு கடிதம் எழுதினாள். அதற்கும் இல்லை. மூன்றாவதுக்குப் பதில் வந்தது: 'சாவி பத்திரமாக உள்ளது.' அந்தக் கடிதத்தை அவள் கடைசிவரை கைப்பையிலேயே வைத்திருந்தாள். மனம் சரியில்லாத நாளில் எடுத்துப் படித்துச் சிரித்துக்கொள்வாளாம்.

ஆய்வுக்குப் பத்து நாள் இருக்கையில் பெயிண்டர் வந்தார். நாற்பத்து மூன்று நிலையத்துக்கும் அவர் ஒருத்தர்தான். கேட், மணல் வாளி, நடைபாதைக் கல் எல்லாவற்றுக்கும் அடித்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டிக்கு வந்தார். அலுவலகத்திலிருந்து சாவி அவர் கையில் வந்திருந்தது. இருபத்தெட்டு வருஷ ஆபரேட்டருக்குக் கொடுக்காத சாவியைப் பெயிண்டருக்குக் கொடுத்திருக்கிறார்கள், வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"அண்ணே, அடிக்கறதுக்கு முன்னாடி அதைக் கொஞ்சம் என்கிட்ட குடுங்க."

"எதுக்கும்மா? கீறல் விழுந்துடப் போவுது. போன வருஷம் அடிச்சது இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கு, பாருங்க."

"கண்ணாடி மாதிரி இருந்தா முகம் பாத்துக்கறேன். குடுங்க."

அன்று மூன்றாம் நம்பர் பிரேக்கர் பராமரிப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அவள் கைப்பிடியை எடுத்துக்கொண்டு போய்ச் சதுரத் துளையில் செருகினாள். நுழையவில்லை. திருப்பிச் செருகினாள். முனை தொட்டது, அதற்கு மேல் ஒரு நூல் கூட உள்ளே போகவில்லை. முனையை விரலால் தடவிப் பார்த்தாள். சதுரத்தின் கூர் விளிம்புகளே இல்லை, சோப்புக் கட்டி போல மழுங்கி, உருண்டு, தடித்துக் கிடந்தது.

"அண்ணே, இதுக்கு எத்தனை தடவை பெயிண்ட் அடிச்சிருக்கீங்க?"

"வருஷத்துக்கு ஒண்ணும்மா. பதினோரு பூச்சு." பெயிண்டர் முகத்தில் பெருமை வழிந்தது.

"பழசைச் சுரண்டாமயா?"

"சுரண்டச் சொன்னா சுரண்டுவேன். பளபளன்னு இருக்கணும்னு மட்டும்தான் சொன்னாங்க. எல்லா ஸ்டேஷன்லயும் இப்படித்தான். ஒரு இடத்துல கூட ஒரு சொட்டு விட்டுப் போயிருக்காது, நீங்க வேணா போய்ப் பாருங்க."

அவள் அப்படியே பிரேக்கர் மேடையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்து மூன்று நிலையம். ஒரே பெயிண்டர், ஒரே டப்பா, பதினோரு வருஷம். திட்டம் போட்டுத் தயாராகிறோம் என்று நாற்பத்து மூன்று கைப்பிடியையும் கெடுத்து வைத்திருக்கிறார்கள், அதுவும் எவ்வளவு அக்கறையாக. ஆணியிலேயே தொங்கியிருந்தால் துருவாவது பிடித்திருக்கும், துருவைத் தேய்த்துவிட்டு மாட்டலாம்.

அன்று மாலையே படிவத்தைத் திறந்தாள். நாற்பத்து ஒன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று அழுத்தினாள். திரையில் சிவப்பு எழுத்து வந்தது: 'சரியான விடையைத் தேர்ந்தெடுக்கவும்.' மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதேதான். 'ஆம்' என்று சொல்லாமல் அடுத்த பக்கத்துக்கே அது விடாது. கணினி கெட்டால் என்ன செய்வாய் என்று கேட்கிற படிவத்தைக் கணினியில் வைத்து, பதிலையும் அதுவே சொல்லிக் கொடுக்கிறது. எவன் செய்த வேலை இது என்று அவள் பல்லைக் கடித்தாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். அறுபத்து நான்கு பதிலையும் கையாலேயே எழுதினாள். நாற்பத்து ஒன்றுக்கு நேராக: 'இல்லை. கைப்பிடியில் பதினோரு பூச்சு உள்ளது. துளைக்குள் நுழையவில்லை. நானே மாட்டிப் பார்த்தேன்.' கையெழுத்துப் போட்டு, மறுநாள் காலையில் பஸ் பிடித்துக் கோட்ட அலுவலகத்தின் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள்.

முத்திரை விழுந்த மூன்றாம் மணி நேரம் பெரிய என்ஜினியரின் ஜீப் நிலையத்து வாசலில் வந்து நின்றது. அவர் கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல், பதினோராவது சான்றிதழும் வந்துவிட்டால் அவர் பேர் அதில் நிச்சயம். அவ்வளவுதான் அவருடைய கஷ்டம்.

"என்னம்மா இது, இத்தனை வருஷ சர்வீஸ்ல உனக்குத் தெரியாததா? பெயிண்ட் தானே. சுரண்டிட்டாப் போச்சு. 'ஆம்'னு போட்டுக் குடு."

"சுரண்டுங்க சார். எல்லா ஸ்டேஷன்லயும் சுரண்டி, மாட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க. அப்பறம் போடறேன்."

"எல்லா ஸ்டேஷன்லயும்னா? நாப்பத்து மூணு எடத்துலயும் சரியில்லன்னு நானே ஊருக்குச் சொல்லணுமா? பத்து வருஷமா நான் அனுப்பின பேப்பரெல்லாம் பொய்யின்னு ஆயிடாது?"

"ஆயிடும் சார்."

அவர் குரலை மாற்றிக்கொண்டார். "உன் வீடு எதுத்த தெருதானே? நடந்தே வர்ற. ஆத்தோரத்து ஸ்டேஷன்ல ஆள் பத்தலைன்னு ரொம்ப நாளாக் கேக்கறாங்க. நாலு மணி நேர பஸ். யோசிச்சுக்க."

இதுதான் அவள் வர்மத்தில் விழுந்த அடி. பதின்மூன்று வருஷம் தூரத்து நிலையங்களில் வேலை பார்த்து, பஸ்ஸில் தொங்கி, பாதி வாழ்க்கையைப் படிக்கட்டில் கழித்தவள். மனு மேல் மனு போட்டு, பதினைந்து வருஷத்துக்கு முன்னால்தான் வீட்டுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. மதியம் நடந்துபோய் வீட்டில் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு வருகிற சுகத்தை இன்னும் அனுபவித்து முடிக்கவில்லை.

அவள் புருஷன் தையல்காரர். வீட்டின் முன்னறையிலேயே மெஷின் போட்டிருந்தார். பயந்த சுபாவம், போஸ்ட்மேன் வந்தால்கூட என்ன நோட்டீஸோ என்று எழுந்து நிற்பார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு மெஷினை நிறுத்தினார்.

"ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டு வந்துடேன். ஊர்ல யாரு ஒழுங்காப் போடறாங்க, நீ மட்டும் என்ன?"

"போட்டா நாம ஒரே வீட்ல இருக்கலாம். அது எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் என்ன?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் நடக்குதுன்னு அந்தண்ணன் சொன்னாரு. இன்னொரு நாள் அவர் போன் பண்ணி, நான் கைப்பிடியை எடுத்துட்டு ஓடி, அது நுழையலைன்னு வையுங்க. 'ஆம்'னு எழுதினது யாருன்னு தேடினா என் கையெழுத்து இருக்கும். அதுக்கப்பறம் உங்க பக்கத்துல உக்காந்து எனக்குச் சோறு எறங்குமா?"

அவர் வெகுநேரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தார், கோத்து முடித்தபாடில்லை. கடைசியில், "நாலு மணி நேரம்னா வாரத்துக்கு ஒருநாள்தான் வர முடியும், இல்ல?" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஆய்வு நாள் வந்தது. அதற்கு முந்தின நாள், பெரிய என்ஜினியர் சொன்னபடி, பெயிண்டர் பன்னிரண்டாவது பூச்சையும் அடித்துப் பெட்டியைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். தலைநகரத்து அதிகாரி முழுக்கை வெள்ளைச் சட்டையில் வந்தார். வரிசையாக நின்றவர்களிடம், வழக்கமாகக் கேட்கிறபடி, "எல்லாம் ரெடியா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார். கேட்பது அவர் வழக்கம், தலையாட்டுவது இவர்கள் வழக்கம்.

"இல்ல சார்," என்றாள் ஆபரேட்டரம்மா.

நடந்தவர் நின்றார்.

"அந்தக் கைப்பிடியை ஒரே ஒரு தடவை மாட்டிக் காட்டச் சொல்லுங்க சார். அது நுழைஞ்சா நான் இப்பவே 'ஆம்'னு கையெழுத்துப் போட்டுடறேன்."

"பிரேக்கரெல்லாம் ஓடிட்டு இருக்கு சார், இப்பக் கை வைக்கறது ஆபத்து," என்று என்ஜினியர் குறுக்கே விழுந்தார்.

"மூணாம் நம்பர் மெயின்டனன்ஸ்ல நிக்குது சார். பர்மிட் என் பேர்லதான் இருக்கு." அந்தப் பிரேக்கரில் வேலை செய்ய அனுமதி தந்த தாளை நீட்டினாள். அந்த நாளுக்கென்றே ஒரு வாரத்துக்கு முன்பே எழுதி வாங்கி வைத்திருந்தாள், கெட்டிக்காரி.

"சாவி ஆபீஸ்ல இருக்கு சார்," என்றார் என்ஜினியர்.

அதிகாரிக்கு அதற்குள் ஆர்வம் வந்துவிட்டது. "கண்ணாடியை உடைக்கத்தானே சுத்தியல் வச்சிருக்கீங்க?" என்று அவரே போய்ச் சுத்தியலைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. கொக்கியோடு சேர்த்துப் பன்னிரண்டு பூச்சு அடித்து, அது கொக்கியோடு கொக்கியாக ஒட்டிப் போயிருந்தது. யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். ஆபரேட்டரம்மா ஒரு ஸ்பேனரால் கண்ணாடியை உடைத்தாள்.

அதிகாரி கைப்பிடியை எடுத்தார். நேற்றைய பெயிண்ட் சரியாகக் காயவில்லை. உள்ளங்கை, மணிக்கட்டு, வெள்ளைச் சட்டையின் கைமடிப்பு எல்லாம் சிவப்பு. அந்தக் கோபத்தோடு யார்டுக்கு நடந்து, துளையில் வைத்து அழுத்தினார். நுழையவில்லை. என்ஜினியர் அழுத்தினார். அவருக்கும் நுழையவில்லை. காவலாளி கட்டையால் தட்டிக்கூடப் பார்த்தார். யார்டில் நின்ற பதினைந்து பேரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் நின்றார்கள்.

"சரி, சுரண்டச் சொல்லுங்க. இது சின்ன விஷயம்," என்று அதிகாரி கைக்குட்டையால் கையைத் துடைத்தார்.

"நாப்பத்து மூணு ஸ்டேஷன் சார். அதே பெயிண்டர், அதே பெயிண்ட்."

அவர் துடைப்பதை நிறுத்தினார். என்ஜினியரைப் பார்த்தார். என்ஜினியர் யார்டின் ஜல்லியைப் பார்த்தார். அதிகாரி ஏதோ பெரிதாகச் செய்யப்போகிறார் என்று நினைக்கிறீர்களா? அவர் காரில் ஏறிப் போனார். அறிக்கையில் இப்படி எழுதினார்: 'ஒரு நிலையத்தில் சிறு குறை காணப்பட்டது. அன்றே சரிசெய்யப்பட்டது.' மற்ற நாற்பத்து இரண்டைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அவர் போனபின் பெயிண்டர் வந்து, யார்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உளியால் சுரண்டினார். சிவப்புக்குக் கீழே சிவப்பு, அதற்குக் கீழே சிவப்பு, நடுவில் ஒரு வரி மட்டும் ஆரஞ்சு. "அந்த வருஷம் சிவப்பு ஸ்டாக் இல்லம்மா," என்றார் பாவம், தலையை நிமிர்த்தாமல். கடைசியில் பழைய இரும்பு தெரிந்தது. அவள் வாங்கி மாட்டினாள். சறுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஐம்பத்து மூன்று வயதில், முதல் நாள் போலவே தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சுற்றினாள். பெயிண்டர் எண்ணினார். இருபதில் கை மாற்றினாள், முப்பதில் கண் இருட்டியது. முப்பத்தைந்தில் 'டக்'. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

பத்து நாளில் மாற்றல் உத்தரவு வந்தது, 'நிர்வாகக் காரணங்களுக்காக' ஆற்றோரத்து நிலையத்துக்கு. அதைப் பெரிய என்ஜினியரே நேரில் கொடுத்தார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலைம்மா. இந்த ஸ்டேஷன் சரியாயிடுச்சு. மத்ததெல்லாம் உனக்கெதுக்கு? அந்தப் பேப்பரை வாபஸ் வாங்கிக்கறேன்னு ஒரு வரி எழுதிக் குடு, இதைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

அவள் உத்தரவை வாங்கி நான்காக மடித்து, 'சாவி பத்திரமாக உள்ளது' கடிதத்தோடு சேர்த்துக் கைப்பையில் வைத்தாள்.

"கிழிக்காதீங்க சார். நீங்க எங்க மாத்தினாலும் போற எடத்துல மொத வேலை அங்க இருக்கற கைப்பிடியை மாட்டிப் பாக்கறதுதான். நுழையலைன்னா 'இல்லை'ன்னு எழுதி, முத்திரை வாங்குவேன். அங்கேருந்தும் மாத்துங்க. எனக்கு இன்னும் அஞ்சு வருஷ சர்வீஸ் இருக்கு, உங்ககிட்ட நாப்பத்து ரெண்டு ஸ்டேஷன் இருக்கு. எத்தனை முடியுதோ பாக்கலாம்."

மனுஷர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

பேசும்போது வீறாப்பாகத்தான் பேசினாள். புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டில் புருஷன் பையை மேலே ஏற்றிவிட்டு, ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு, "அங்க தண்ணி எப்படியோ, காய்ச்சிக் குடி" என்று மூன்று தரம் சொன்னபோது அவளுக்குத் தாங்கவில்லை. பஸ் திரும்பியதும் அழுதாள். முதல் ஒரு மணி நேரம் முழுக்க அழுதாள். அதையும் அவள் மறைத்ததில்லை.

ஆற்றோரத்து நிலையத்தில் போய் இறங்கியபோது மதியம் ஒரு மணி. சின்ன நிலையம், இரண்டு ஆபரேட்டர்கள். பையோடு நேரே கட்டுப்பாட்டு அறைக்குள் போனாள். சுவரில் அதே கண்ணாடிப் பெட்டி. ஆனால் பூட்டைக் காணோம். உள்ளே இருந்த கைப்பிடியில் ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லை. வெறும் இரும்பு, எண்ணெய் தடவி வைத்திருந்தது.

"நீங்க இங்க வர்றீங்கன்னு ஆர்டர் வந்த அன்னிக்கே சுரண்டிட்டோம்க்கா," என்றார் மூத்தவர், கொஞ்சம் அசடு வழிய. "நாங்க மட்டும் இல்ல. அடுத்து எங்க ஸ்டேஷனுக்கு வருவீங்களோன்னு பக்கத்து ஸ்டேஷன்லயும் சுரண்டிட்டு இருக்காங்க. பெயிண்டருக்குத்தான் இப்ப ஏகப்பட்ட வேலை."

அவள் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து கைப்பிடியை எடுத்தாள்.

"சுரண்டினீங்க, சரி. மாட்டிப் பாத்தீங்களா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் பையைத் தரையில் வைத்தாள். எந்தப் பிரேக்கர் நிறுத்தத்தில் இருக்கிறது என்று கேட்டு, பர்மிட்டைப் படித்துப் பார்த்து, யார்டுக்கு நடந்தாள். அவர்கள் பின்னாலேயே வந்தார்கள். துளையில் வைத்து அழுத்தினாள். கைப்பிடி உள்ளே போனது. ஒரு சுற்றுச் சுற்றினாள், ஸ்பிரிங் முனகியது. பிறகு கையை எடுத்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

"மிச்சம் முப்பத்து நாலு," என்றாள். "நீங்க சுத்துங்க. நான் எண்ணறேன்."